காதில் சொன்ன படம்

இருட்டில் அக்காவின் காதருகே குனிந்து படம் சொல்வதற்குத் தம்பி டாக்கீஸ் ஒரு முறை வைத்திருந்தார். திரையில் யாராவது பேசும்போது இவர் வாயைத் திறக்கக் கூடாது. பேச்சு ஓய்ந்த இடைவெளியில் மட்டும் நாலு வார்த்தை. ‘ஜன்னலைச் சாத்துறா.’ ‘சிரிக்கல.’ ‘மழை விட்டுடுச்சு.’ அழகாக இருக்கிறாள், பாவமாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவே கூடாது.

“கண்ணுக்குத் தெரியறத மட்டும் சொல்லு. பாவமா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்” என்பது அக்காவின் உத்தரவு.

பதினோரு வருடமாக இப்படித்தான். கண்ணில் அழுத்தம் ஏறி, நரம்பு பட்டுப்போய், அக்காவின் பார்வை ஓரங்களிலிருந்து இருண்டுகொண்டே வந்து ஒருநாள் முழுதாக அணைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள். டாக்கீஸ் லிஃப்ட் மெக்கானிக். சினிமாப் பித்தால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. “டாக்கீஸண்ணே, நாலாவது மாடிக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ரெண்டு பேர் கத்துறாங்க. இடைவேளைன்னு சொல்லிடவா?” என்று வேலையிடத்தில் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

புத்தகத்தைப் படமாக எடுத்திருந்தால் மட்டும் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை வரும். டாக்கீஸ் எப்போதும் புத்தகத்தின் கட்சி. மழை என்று எழுதியிருந்தால் வாசிக்கிற ஆயிரம் பேருக்கும் ஆயிரம் மழை. படத்தில் எல்லோரும் ஒரே மழையில் நனைய வேண்டியிருக்கிறது என்பார். புத்தகத்தில் வலிக்கிற இடத்தில் மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்க்கலாம். படம் நமக்காக நிற்குமா? எழுதத் தெரிந்த அக்காவோ படத்தின் கட்சி.

“புத்தகத்துல இருக்கறதே வேணும்னா புத்தகத்தையே மறுபடி படிச்சுட்டுப் போயேன். எழுதினவனக் காட்டிக்கொடுக்காம படம் எடுக்க முடியாதுடா.”

“உன் புத்தகத்த எவனாவது எடுக்கட்டும், அப்பத் தெரியும்.”

ஒரு டைரக்டர் எடுத்துவிட்டான். அன்று சனிக்கிழமை, பகல் காட்சி. படம் அக்காவுடையது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் எழுதிய ஒரே நாவல். பெரிய கதை இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய். பின்கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். பதினைந்து வயதுப் பெண் குப்பையைக் கொட்டிவிட்டு வந்து தாழ்ப்பாள் போட மறந்துவிடுகிறாள். மூன்று வயதுத் தங்கை வெளியே போய்விடுகிறாள். மிச்சமெல்லாம் அந்தப் பெண் அந்த மறதியோடு வளர்வதுதான். வாசித்தவர்களுக்கு அது நாவல். அந்த வீட்டுக்கு அது நடந்தது. கடைக்குட்டியைச் சிட்டு என்று கூப்பிடுவார்கள்.

எழுதியதில் ஒன்றே ஒன்றுதான் தப்பு, அது தப்பு என்று அக்காவுக்கே தெரியாது. அவள் தாழ்ப்பாளைப் போட்டிருந்தாள். திறந்தது ஒன்பது வயது டாக்கீஸ். கால்வாய்க் கரையில் சினிமா விளம்பர வண்டி ரோஸ் நோட்டீஸ்களை வீசிக்கொண்டு போனது. மூன்றைப் பொறுக்கிக்கொண்டு, வண்டியின் பின்னாலேயே தெருமுனை வரை ஓடி, முன்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தான். கூச்சல் கேட்டபோது நோட்டீஸைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். முதல்நாள் பயத்தில் சொல்லவில்லை. மறுநாள் அக்காவே, “நான்தான் போட மறந்துட்டேன் போல” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் சொல்ல வாகாக ஒரு நாள் வரவேயில்லை.

அம்மா அக்காவை ஒரு வார்த்தை திட்டியது கிடையாது. ஆனால் அக்கா சாத்திய கதவை, சாகிறவரைக்கும், எழுந்துபோய் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு வருவாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அக்கா, “ஒரு புள்ளையப் பாத்துக்கத் துப்பில்லாதவளுக்கு அதெல்லாம் எதுக்கு?” என்று எழுந்து போய்விடுவாள். டாக்கீஸ் அப்போதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குத் தியேட்டரில் ஆரம்பம் கலகலப்பாகத்தான் போனது.

“அம்மா வர்றாங்க. நகத்துக்குப் பாலீஷ் போட்டிருக்காங்க.”

“நம்ம அம்மாவா? கரித்துணியும் கையுமா திரிஞ்சவளா?”

“வீட்டுக்கு நீலப் பெயின்ட்.”

“பரவால்ல, நமக்குக் கட்டுப்படியாகாதது. அனுபவிக்கட்டும்.”

பின்வரிசையில் ஒரு பெண்மணி உச்சுக்கொட்டினாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடைய இடதுகை வழக்கம்போல டாக்கீஸின் முழங்கைமேல் கிடந்தது.

பிறகு அந்த மதியம் வந்தது. டாக்கீஸுக்கு நாவலில் அந்தப் பக்கம் மனப்பாடம். ‘குப்பைக் கூடையை எடுக்கறா’ என்றார். ‘வெளிய போறா.’ ‘திரும்பி வந்துட்டா.’ அடுத்து என்னவென்று அவருக்குத் தெரியும். அவள் கை தாழ்ப்பாள் பக்கமே போகாது. ஆனால் திரையில் அந்தக் கை போயிற்று. தாழ்ப்பாள் திரை முழுக்கப் பெரிதாக வந்தது. பெண் அதை அழுத்திப் போட்டாள்.

டாக்கீஸ் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு பையன் வந்தான். நுனிக்காலில் எம்பித் தாழ்ப்பாளை நீக்கினான். கதவு அவனுக்குப் பின்னால் மெதுவாக, தானாக, அகலத் திறந்தது. பாட்டு இல்லை, இசை இல்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

அந்த டைரக்டருக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. டாக்கீஸுக்குக் காரணம் புரிந்தது. இத்தனை வருடம் படம் பார்த்தவருக்குப் புரியாதா? மறதியைப் படம்பிடிக்க முடியாது. ‘அவள் தாழ்ப்பாள் போடவில்லை’ என்று எழுதிவிடலாம். ஒருத்தி செய்யாமல் விட்டதைக் கேமரா எப்படிக் காட்டும்? திறக்கிற ஒரு கை வேண்டும். வீட்டில் மீதமிருந்த கை அந்தப் பையனுடையது. புத்தகத்துக்குத் துரோகம் செய்யப் போனவன், தெரியாத்தனமாக உண்மையில் போய் முட்டிக்கொண்டு நின்றான்.

“என்னடா?” அக்கா முழங்கையை இடித்தாள். “ஏன் பேச்சையே காணோம்? இன்னும் கூடையையா தூக்கிட்டிருக்கா?”

இடைவெளி நீண்டுகொண்டே போனது. பின்வரிசைப் பெண்மணிக்கே பொறுக்கவில்லை. முன்னால் சாய்ந்து அக்காவின் தோளைத் தொட்டாள்.

“அந்தப் பையன் கதவத் தெறந்து போட்டுட்டு பந்து எடுக்கப் போயிட்டான்மா. பாப்பா பின்னாடியே போகுது.”

அக்காவின் விரல்கள் டாக்கீஸின் முழங்கையை இறுக்கின. அதன்பிறகு படம் முடிகிறவரை அவள் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், சமையலறை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அக்கா வெடித்தாள்.

“என்ன தைரியம் அவனுக்கு! ஒம்போது வயசுப் புள்ளடா. அது தலைல போய்க் கட்டியிருக்கானே, நாளைக்குப் படம் பாக்கறவன்லாம் உன்னத்தானே நெனப்பான்? பேப்பர் எடு. நான் சொல்றத எழுது.”

“விடுக்கா. படம்தானே. நீதானே சொல்லுவ, காட்டிக்கொடுக்காம...”

“என்னக் காட்டிக்கொடுக்கட்டும். உன்ன ஏன் காட்டிக்கொடுக்கறான்?”

டாக்கீஸ் பேப்பர் எடுத்தார். அக்கா வரலாற்றுப் பாடம் நடத்துகிற குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ‘செய்த தவறு என்னுடையது. அதை என் பெயரில்தான் எழுதினேன். ஒரு சிறுவன்மேல் சுமத்த உங்களுக்கு யாரும் உரிமை தரவில்லை. என் தம்பி உயிரோடு இருக்கிறான். இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்த்தான். அவனால் பேச முடியவில்லை.’ பேனா அந்த வரியில் இரண்டு தரம் நின்றது. அவர் எழுதி முடித்தார்.

“இப்ப அந்த சீனை எனக்கு முழுசாச் சொல்லு. ஒண்ணு விடாம. ஒவ்வொண்ணா மறுத்து எழுதணும்.”

டாக்கீஸ் சொல்ல ஆரம்பித்தார். பழக்க தோஷம், குரல் தானாகக் கிசுகிசுப்பானது. “பையன் வர்றான். கதவுக்கு அந்தப்பக்கம் மைக் சத்தம் கேக்குது. தாழ்ப்பாள் துருப்பிடிச்சிருக்கு, ரெண்டு கையாலயும் இழுக்கறான். வலதுகை சுண்டுவிரல்ல தோல் உரியுது. வெளிய ஓடறான். கரை முழுக்க ரோஸ் நோட்டீஸ். ஒண்ணு தண்ணில விழுது, அத விட்டுடறான். மூணு எடுக்கறான். வண்டி பின்னாலயே போறான். திரும்பிப் பாக்கல.”

அக்கா கையை உயர்த்தினாள்.

“பந்துன்னுதானே அந்தம்மா சொன்னா?”

அடுப்பங்கரைக் குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழ வெகுநேரம் ஆனது.

“படத்துல பந்துதான்” என்றார் டாக்கீஸ்.

அக்கா பதினோரு வருடமாக அவருடைய வார்த்தைகளைக் கொண்டே உலகத்தைப் பார்த்தவள். எந்த வார்த்தை திரையிலிருந்து வருகிறது, எது வேறெங்கிருந்தோ வருகிறது என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முகத்தில் கோபம்கூட வரவில்லை. அடையாளம் தெரியாத வீட்டில் சுவரைத் தடவுகிறவளைப்போல மேசையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“நாவல எழுதி முடிச்சதும் மொதல்ல யார்கிட்ட படிக்கக் குடுத்தேன்?” என்று கேட்டாள்.

“எங்கிட்ட.”

“படிச்சிட்டு என்ன சொன்ன?”

டாக்கீஸ் தலையைக் குனிந்துகொண்டார். “ஒரு வார்த்த மாத்தாதேன்னு சொன்னேன்.”

“ஆமா. அழுதுகிட்டே சொன்ன. என் எழுத்துக்கு அழறேன்னு நெனச்சு, அன்னிக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?”

“அக்கா, இந்த லெட்டர் வேண்டாம். கிழிச்சுடறேன். நான் நேர்ல போய் அந்த டைரக்டர்கிட்ட...”

“போய்? அவன் உனக்கு விழா எடுப்பானா? உண்மைக் கதைன்னு போஸ்டர் ஒட்டுவான்.” அவள் சிரித்த மாதிரி இருந்தது. “இன்னிக்குச் சொல்லி நீ எறக்கி வச்சுட்ட. நல்லாத் தூங்குவ. நான் எங்கடா போய் எறக்கி வைக்கறது? அம்மா இருக்காளா? பொண்ணு கேக்க வந்தவங்க யாராவது இருக்காங்களா? நாப்பத்தெட்டு வருஷம் நான் அந்த மறந்தவளாவே இருந்துட்டேன். அறுபத்து மூணு வயசுல, கண்ணும் இல்லாம, இனிமே யாரா இருக்கச் சொல்ற?”

அவர் அவளுடைய கையைப் பிடிக்கப் போனார். அக்கா கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“பேனாவக் குடு.”

“எதுக்குக்கா?”

“கையெழுத்துப் போடணும். லெட்டர் அப்படியே போகட்டும்.”

“அதுல இருக்கறது பொய்க்கா.”

“எனக்கு அது நேத்து வரைக்கும் பொய்யில்ல. குடு.”

எப்போதும் அவள் விரலைப் பிடித்து, எங்கே போட வேண்டுமோ அந்த இடத்தில் அவர்தான் கொண்டுபோய் வைப்பார். அன்றைக்கு அவள் விடவில்லை. இடதுகையால் காகிதத்தின் விளிம்பைத் தானே தேடிக்கொண்டாள். பேனா ஊன்றிய இடம் தப்பாக இருந்தது. பாதிப் பெயர் காகிதத்தில் விழுந்தது, மீதி மேசை மரத்தின்மேல் ஓடி முடிந்தது. அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“சரியா விழுந்திருக்கா?”

டாக்கீஸ் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“விழுந்திருக்கு” என்றார்.