இனிமே உக்காரட்டும்

சுராயா போன் செய்தபோது ரெங்கராஜ் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கொரோனா வந்த பிறகு அவர் தலையில் விழுந்த வேலை அது. அதையும் அவர் சாதாரணமாகச் செய்துவிடமாட்டார். ஜவுளிக்கடையில் காலமெல்லாம் பட்டுப்புடவை விரித்துக் காட்டிய கை அல்லவா, பானுவின் பழைய நூல்புடவையைக்கூட முந்தியும் கரையும் தெரிய நீவி விட்டுத்தான் கொடியில் போடுவார். "என்னங்க, விக்கவா போறீங்க?" என்று பானு கேட்காத நாள் இல்லை.

"அண்ணே, அண்ணி பக்கத்துல இருக்காங்களா?" என்றாள் சுராயா.

"கீழ இருக்கா. சொல்லும்மா."

சுராயா அதே கடையில் பிளவுஸ் பிட் கவுண்டரில் இருப்பவள். இவர் பட்டைக் காட்டி முடித்ததும் வாடிக்கையாளரை அவள் பக்கம்தான் தள்ளிவிடுவார். அவளுக்கும் அறுபது நெருங்குகிறது. அவளையும் கடைக்கு இன்னும் கூப்பிடவில்லை.

"எப்பதான் வேலைக்கு வரச் சொல்லுவாங்கன்னு கேட்டுட்டு வரலாம்னு கடைக்குப் போனேண்ணே. முதலாளி ரூம்ல போன் பேசிட்டு இருந்தாரு. வெளியிலயே நின்னேன். 'ரெங்கராஜ் அண்ணனும் சுராயாக்காவும் இனிமே உக்காரட்டும். வயசாயிருச்சு, இன்னும் எத்தனை நாளைக்குத்தான் நிப்பாங்க'ன்னு யாருகிட்டயோ சொல்லிட்டு இருக்காரு. என் காதால கேட்டேண்ணே. உள்ள போகவே மனசு வரல. வந்த வழியே திரும்பி பஸ் ஏறிட்டேன்."

ரெங்கராஜின் கையில் பிழியாத சட்டை ஒன்று இருந்தது. அதிலிருந்து தண்ணீர் அவர் காலிலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

கடை திருச்சியில், பெரிய கடை வீதியில். வீடு ஸ்ரீரங்கத்தில். நடுவில் காவிரி. கல்யாணமாவதற்கு முன்பிருந்து தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டிப் போய் வந்தவர். முதல் தடவை ஊரை மூடியபோது எல்லோரையும்போல அவரும் வீட்டில் இருந்தார், திறந்தபோது போனார். இரண்டாவது அலையில்தான் வினை வந்தது. மறுபடி கடை திறந்ததும் இளவட்டங்களை மட்டும் முதலில் கூப்பிட்டுக்கொண்டார் முதலாளி ராஜ்மோகன். "அண்ணே, வயசானவங்க கொஞ்சம் பொறுங்க. ரெண்டு ஊசியும் போட்டுக்கங்க. நிலவரம் அடங்கட்டும், நானே கூப்பிடறேன்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் ஆடித் தள்ளுபடி வந்தது, போயிற்று. ரெங்கராஜ் இல்லாமல் ஒரு ஆடித் தள்ளுபடியா! ஆவணி முகூர்த்தங்களும் போயின. இப்போது புரட்டாசி. தீபாவளிச் சரக்கு வந்து இறங்கியிருக்கும். அவருடைய போன் மட்டும் அடிக்கவே இல்லை.

வேலைக்குப் போக அவருக்கு ஆசை மட்டும்தான் இருந்தது என்று சொன்னால் அது பொய். பயமும் இருந்தது. சர்க்கரை இருக்கிற உடம்பு. விலை கேட்கிறவர்களுக்கு மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினால்தான் வாயே வரும். லால்குடியில் இருந்த பானுவின் அண்ணன் வைகாசியில் போய்விட்டார். அவரை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தார்கள், முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. அன்றிலிருந்து பானுவுக்கு ஒரே பாட்டுதான்: "போதுங்க, பாத்த வேலை போதும். சோத்துக்கு என்ன குறைஞ்சு போச்சு?" ஓசூரில் இருக்கிற மகள் சௌமியாவும் போனில் அதையே பாடினாள். இரண்டு பேரும் சொல்வதில் தப்பே கிடையாது. தப்பில்லாத பேச்சைத் தினமும் கேட்டுக்கொண்டிருப்பதைப்போல அலுப்பும் வேறு கிடையாது.

மறுநாள் ராஜ்மோகனே கூப்பிட்டார்.

"அண்ணே, நாளைக்குக் காலையில கடைப்பக்கம் வாங்க. ஒரு விஷயம் பேசணும். போன்ல சொன்னா நல்லாருக்காது, நேர்லதான் சொல்லணும். சுராயாக்காவுக்கும் சொல்லிட்டேன்."

போனில் சொன்னால் நல்லாயிருக்காத விஷயம் என்னவென்று ரெங்கராஜுக்குத் தெரியாதா? போனை வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"பானு, கடையில என்னை உக்காரச் சொல்லப் போறாங்க."

பானு அடுப்பைத் தணித்தாள். "யாரு சொன்னா?"

"சுராயா காதுல விழுந்திருக்கு. அவளையும் சேத்துதான். ஆனா ஒண்ணு. அவரு உக்காரச் சொல்லி நான் உக்காந்தேன்னு இருக்கக் கூடாது. அவரு வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, நானே நின்னுக்கறேன்னு சொல்லிடப் போறேன்."

"அதைத்தானே நான் இத்தனை நாளா சொல்லிட்டு இருக்கேன்" என்றாள் பானு. சொன்னாளே தவிர, குரலில் ஜெயித்த களை இல்லை. கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவினாள். சாயங்காலம் அவர் கேட்காமலேயே வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவைத்தாள்.

தமிழில் வேலைக்காரனுக்கு இருக்கிற வசதியைப் பாருங்கள். நின்றாலும் வேலை போச்சு, உட்கார்ந்தாலும் வேலை போச்சு. ஒரே ஒரு வித்தியாசம். தானாகப் போனால் நின்றுவிட்டார் என்பார்கள், போகச் சொன்னால் உட்கார்ந்துவிட்டார் என்பார்கள். அந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் ரெங்கராஜ் மறுநாள் காலையில் தலைக்குக் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, இரண்டு மாஸ்க்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார்.

காவிரியில் தண்ணீர் கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தில் ஏறியதும் எப்போதும்போல மலைக்கோட்டை தெரிந்தது. இனிமேல் இந்தப் பாலத்தைத் தாண்ட எனக்கென்ன வேலை என்று நினைத்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் இருமுவாரோ என்று பயந்து முதலில் இவர் ஒதுங்கி உட்கார்ந்ததுபோக, இப்போது இவர் செருமினதும் அந்த மனிதர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மெயின்கார்டு கேட்டில் இறங்கி நடந்தார். கடை வாசலில் சுராயா காத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, எனக்குப் பேச்சு வராது. அழுதுடுவேன். எனக்கும் சேத்து நீங்களே சொல்லிடுங்க" என்றாள்.

உள்ளே ராஜ்மோகன் கல்லாப்பக்கத்திலேயே நின்றார். நாற்பது வயதுக்காரர். அப்பாவுக்குப் பிறகு கடையைப் பார்க்கிறார். இவரைக் கல்லா உயரம்கூட இல்லாத வயதிலிருந்து ரெங்கராஜுக்குத் தெரியும் என்பதால் இன்றுவரை தம்பிதான்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. ரெண்டு ஊசியும் போட்டாச்சுல்ல?"

"ஆச்சு தம்பி." ரெங்கராஜ் தாமதிக்கவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை, ஆறிப்போவதற்குள் சொல்லிவிட வேண்டும். "நீங்க பேசறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். நானே நின்னுக்கறேன். சுராயாவும் அப்படித்தான்."

ராஜ்மோகனின் புருவம் மாஸ்க்குக்கு மேலே சுருங்கியது.

"எதுக்குண்ணே நிக்கிறீங்க? உக்காருங்கன்னு சொல்லத்தானே உங்களை வரச் சொன்னேன்."

"தெரியும் தம்பி. அதனாலதான் சொல்றேன். நீங்க சொல்லி உக்காந்தோம்னு வேணாம். நாங்களா நின்னுக்கிட்டோம்னு இருக்கட்டும்."

"அட, என்னண்ணே இதுல பிடிவாதம்? இத்தனை வருஷமா நின்னது போதாதா? இனிமே நம்ம கடையில யாரும் நிக்கக் கூடாது. சட்டமே வந்துருச்சு."

ரெங்கராஜுக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷத்தில் முதலாளி முன்னால் குரல் உயர்த்தாதவர். "வயசானவங்களை உக்கார வைக்கறதுக்குக்கூடச் சட்டம் போட்டுட்டாங்களா?"

"வயசானவங்களுக்கு மட்டும் இல்லண்ணே, எல்லாருக்கும்தான். முதல்ல உங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சுட்டு, அப்புறம் ஒவ்வொருத்தரா உக்கார வைக்கலாம்னு இருக்கேன்."

பேச்சு வராது என்று சொன்ன சுராயாவுக்கு அப்போது பேச்சு வந்துவிட்டது. "எல்லாரையும் உக்கார வச்சுட்டீங்கன்னா வியாபாரத்தை யாரு தம்பி பாக்கறது?"

"உக்காந்துக்கிட்டே பாருங்கக்கா" என்றார் ராஜ்மோகன்.

ராஜ்மோகன் இவர்களை மாறி மாறிப் பார்த்தார். இதுகள் இரண்டுக்கும் என்ன ஆயிற்று என்று அவருக்கு விளங்கவில்லை. "மேல வாங்க, காட்டறேன்" என்று மாடிப்படியில் முன்னால் ஏறினார்.

பட்டுப் பிரிவில் கவுண்டரை இடம் மாற்றியிருந்தார்கள். முன்பு ஏசிக்கு அடியில் மூலையில் இருந்தது, இப்போது தெருப்பக்கத்து ஜன்னலை ஒட்டி. ஜன்னல் முழுக்கத் திறந்து காற்று வந்தது. கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருந்தது. உயரமான தேக்கு நாற்காலி, முதுகு சாய்க்க ஒரு பலகை, கால் வைக்கக் கீழே ஒரு சட்டம். வார்னிஷ் வாடை இன்னும் போகவில்லை. கொஞ்சம் தள்ளி பிளவுஸ் பிட் கவுண்டரிலும் அதேபோல ஒன்று இருந்தது.

"கடையில வேலை பாக்கறவங்களுக்கு உக்கார இடம் தரணும்னு அரசாங்கம் சொல்லியிருக்குல்ல, அதான் பாலக்கரை ஆசாரிகிட்ட சொல்லிச் செஞ்சேன். முதல்ல உங்க ரெண்டு பேருக்கு செஞ்சு குடுங்க, அவங்க இனிமே உக்காரட்டும்னு போன்லதான் சொன்னேன். உங்ககிட்ட போன்ல சொன்னா என்ன நல்லாருக்கும்? நேர்ல காட்டணும்னு ஆசைப்பட்டேன். பஸ் கூட்டம் வடிஞ்சப்புறம் லேட்டாவே வாங்க, இருட்டறதுக்குள்ள கிளம்பிடுங்க. ஆமா, நீங்க ஏண்ணே நிக்கிறேன், நிக்கிறேன்னே..."

கேட்டுக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். அவருக்கும் அது எந்த நிற்பது என்று அப்போதுதான் உறைத்தது. முகம் விழுந்துவிட்டது.

"அண்ணே, வேலையை விட்டா நின்னுக்கறேன்னு சொன்னீங்க?"

சுராயா முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகி மாஸ்க் நனைந்தது. "என்மேலதான் தப்பு தம்பி. அன்னைக்கு ரூம் வாசல்லேர்ந்து அரைகுறையா கேட்டுட்டுப் போயிட்டேன்" என்று திணறித் திணறிச் சொன்னாள். சொல்லிவிட்டு, மறுவார்த்தை பேசாமல் தன் நாற்காலியில் போய் ஏறி உட்கார்ந்துகொண்டாள். யாராவது தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறார்களோ என்பதைப்போல இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

ரெங்கராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு நாளும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போய்விட்டது. நாற்காலியின் முதுகுப் பலகையில் கையை வைத்தார், ஆனால் உட்காரவில்லை.

"நிப்பீங்களா, இருப்பீங்களாண்ணே?" என்றார் ராஜ்மோகன். குரல் இறங்கியிருந்தது. "முகூர்த்தத்துக்கு எடுக்க வர்றவங்க உங்களைத்தான் கேட்டுட்டுப் போறாங்க. ஆனா பயமா இருந்தா சொல்லிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுடறேன் தம்பி."

ஜன்னல் பக்கம் திரும்பி பானுவுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

"என்னங்க சொன்னாரு?"

ரெங்கராஜுக்கு ஏன் அப்படிச் சொல்லத் தோன்றியதோ தெரியவில்லை. "உக்காரச் சொல்லிட்டாரு" என்றார்.

பானு ஆரம்பித்தாள்.

"அவருக்கு எப்படிங்க வாய் வந்துச்சு? நம்ம சௌமியாவுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்த அன்னைக்குக்கூட முகூர்த்த சீசன்னு கடைக்கு ஓடுன மனுஷன் நீங்க. காலு ரெண்டும் வீங்கி வந்து வெந்நீர்ல வச்சுட்டு உக்காந்திருப்பீங்க, மறுநாள் காலையில மறுபடி ஓடுவீங்க. உங்களைப் பாத்து உக்காருன்னு சொல்லிட்டாரா? போனை அவர்கிட்ட குடுங்க. நான் கேக்கறேன்."

"நீதானே வேலையே வேணாம்னே?"

"நான் சொல்லுவேன். எங்க அண்ணனைக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன், எனக்குப் பயம், நான் சொல்லுவேன். அதுக்காக அவரு சொல்லலாமா?"

ரெங்கராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் எதிர்க்கட்சி என்று நினைத்திருந்தவள், உள்ளே தன் கட்சியாகவே இருந்திருக்கிறாள். விளையாட்டை அதற்குமேல் வளர்க்க மனமில்லாமல் ஆசாரி, சட்டம், நாற்காலி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அந்தப் பக்கம் பானு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"முதுகு சாஞ்சுக்கப் பலகை இருக்கா?"

"இருக்கு."

"ஜன்னல்?"

"பக்கத்துலயே. காத்து நல்லா வருது."

"மாஸ்க்கு மூக்குக்கு மேல இருக்கா?"

ரெங்கராஜ் விரலால் அதை ஒரு தடவை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். "இருக்கு."

"அப்ப உக்காருங்க" என்றாள் பானு.

ரெங்கராஜ் உட்கார்ந்தார்.