அரை அட்சரம்

தாலி கட்டி முடிந்து ஆட்கள் பந்திக்குக் கிளம்பியதும் செம்மலை தவிலைத் தோளிலிருந்து இறக்கிவைத்தான். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சத்தியப்பிரியாவின் பக்கம் திரும்பினான். அவள் நாயனத்தின் ஊதுவாயிலிருந்து சீவாளியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒவ்வொரு தீர்மானத்துலயும், முடிச்சு இறங்குற இடத்துல, யாருக்காக நின்னு பாக்குற?"

"புரியலண்ணே."

"நான் அடிச்சு முடிச்சு இறங்கிட்டேன். நீ கடைசி சுரத்தைப் பிடிச்சுத் தொங்குற, பஸ்ஸுல யாருக்கோ சீட்டுப் போட்டு வச்ச மாதிரி. தாளத்துல அரை அட்சரம் கழிச்சு வார. ஒருக்கான்னா போகுதுன்னு விடலாம். காலையில இருந்து இதேதான்."

நேமத்தான்பட்டிக் கல்யாண வீட்டில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. பெண்ணின் சித்தப்பா வந்து, "நல்லா வாசிச்சீகம்மா, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுவிட்டுப் போனார். செம்மலை அவருக்குக் கும்பிடு போட்டான். அவனுடைய செட்டில் நாயனக்காரர் விலகிவிட்டார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் வாசிக்க ஒத்துக்கொண்டாயிற்று. இசைப்பள்ளியில் கடைசி வருடம் படிக்கும் பெண்ணைக் கல்யாணத்துக்குக் கூட்டிவந்ததே சோதித்துப் பார்க்கத்தான். அது அவளுக்கும் தெரியும்.

"அங்க சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்கணும். சாமி தூக்குறவுக காலு நம்ம அடிக்குத்தான் நகரும். நீ நின்னு பாத்தியன்னா சாமியும் சேந்து நிக்கும். அடுத்த வாரம் இன்னொருக்கா கேப்பேன். வரலன்னா வேற ஆளுதான். கோவிச்சுக்கிறாத."

"கோவிக்க என்ன இருக்கு. சரி பண்ணிட்டு வாரேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்களை மடியில் வைத்து வாசித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில், யாருக்காக நிற்கிறோம் என்பது பிடிபட்டது.

அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் நாயனத்தைத் தொட்டவர்கள் யாருமில்லை. அம்மா பொன்னுத்தாயிக்குப் புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் களத்து வேலை. அவித்த நெல்லை உச்சி வெயிலில் காலால் கிண்டிக் காயவைப்பது. தெருவில் ஊதினால் சண்டைக்கு வருகிறார்கள் என்று மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கிய இடம்தான் அந்தக் களம். சாயங்காலம் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் மூடியதும் ஆள் நடமாட்டம் இருக்காது. போனைச் சாக்கில் சாய்த்துவைத்துவிட்டுச் சத்தியப்பிரியா நாயனத்தோடு நிற்பாள். அந்தப் பக்கம், மலேசியாவில் ஒரு முருகன் கோயிலில், ராத்திரிப் பூசை முடித்துவிட்டு முத்தரசு தவிலோடு உட்கார்வான். இசைப்பள்ளியில் அவளுக்கு ஒரு வருடம் மூத்தவன். அவன் ஒப்பந்தத்தில் போனதிலிருந்து இருவரும் இப்படித்தான் தினமும் அரை மணி நேரம் சேர்ந்து வாசித்தார்கள். மற்ற ஜோடிகள் போனில் சாப்டியா, தூங்குனியா என்று கேட்டுச் சலித்துப்போனபோது, இவர்களுக்கு வாசிப்பு இருந்தது.

அன்றைக்கு அவள் நாயனத்தை உறையிலிருந்து எடுக்கவில்லை.

செம்மலை சொன்னதைக் கேட்டு முத்தரசு சிரித்தான். "அவருக்குக் காதுல கோளாறு. நாம ரெண்டு பேரும் எம்புட்டு சுத்தமா இறங்குறோம்!"

"உனக்குச் சுத்தமா இருக்கும். உன் அடி இங்க வந்து சேருற வரைக்கும் நான் நின்னு வாங்குறேன், அதான். இப்பப் பாரு, நான் தட்டுறேன், கூடத் தட்டு."

இருவரும் தாளம் போட்டார்கள். அவள் கை விழுந்து எழுந்த பிறகு அவனுடைய தட்டு வந்தது. போனில் சத்தம் பிந்தி வரும் என்பது தெரியாத விஷயம் இல்லை. பழகிவிட்டது என்று நினைத்திருந்தாள். பழகித்தான் விட்டிருந்தது.

அவன் தட்டுவதை நிறுத்தினான். "அப்ப நான்தான் உன் வாசிப்பைக் கெடுத்தேங்குற."

"போனு கெடுத்துச்சு. உன்னையும் கெடுத்திருக்கும், பாத்துக்க."

"இங்க மணி அடிச்சா அடிக்கணும், நிறுத்துன்னா நிறுத்தணும். ஒரு நாளைக்கி நான் மனுசனா வாசிக்கிறது இந்த அரை மணி நேரம்தான் சத்யா. அதையும் வேணாங்குற."

சரி, இன்றைக்கு மட்டும் வாசிப்போம் என்று சொல்லிவிட்டால் முகம் தெளிந்துவிடும். சொல்லத்தான் வாய் வந்தது. நாளைக்கும் அதையே சொல்ல வேண்டிவரும். கால் பொரிகிறதே என்று அம்மா கிண்டாமல் நின்ற நாள் ஒன்றுகூட இல்லை. நின்றால் அடிநெல் காயாமல் புழுங்கி வேகாடு அடித்துவிடும்.

"பேச வேணாம்னு சொல்லல. தினமும் பேசுவோம். சேந்து வாசிக்கிறதைத்தான் விடணும். நீ தனியா மல்லாரிக்கு வாசிச்சுப் பதிஞ்சு அனுப்பு. நான் அதுமேல வாசிச்சு உனக்கு அனுப்புறேன்."

"செத்தவன்கூட வாசிக்கிற மாதிரி."

"முத்து, இத்தனை நாளும் நாம சேந்து வாசிக்கவே இல்ல. நீ கேட்டது ஒண்ணு, நான் கேட்டது ஒண்ணு."

அவன் கை போன் பக்கம் வந்தது. திரை அணைந்தது.

மறுநாள் அவன் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாள் அவள் கூப்பிட்டும் எடுக்கவில்லை. போனில் தாளம் போடும் ஆப் ஒன்றை இறக்கி, சொட்டுச் சொட்டென்ற அந்தச் சத்தத்தோடு வாசித்தாள். மெஷின் சிரிக்காது, தலையாட்டாது. தீர்மானம் வரும்போதெல்லாம் உதடு தானாகக் கடைசி சுரத்தைப் பிடித்துத் தொங்கியது. நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். சீவாளி ஈரத்தில் தொய்ந்துபோகவே வேறொன்று மாட்டினாள்.

தார்ப்பாய்க்குக் கல் வைத்துக்கொண்டிருந்த பொன்னுத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். "என்னத்தா, மலேசியாக்காரன் கடையைச் சாத்திட்டானா?"

"சாத்தல. சரக்கு வரணும்."

"வராட்டி?"

"வராட்டியும் வாசிப்பேன்."

"அப்ப அங்குட்டுத் தள்ளி நின்னு வாசி. காதுக்குள்ள ஊதாத."

வியாழக்கிழமை சாயங்காலம் அவனிடமிருந்து வந்தது. வணக்கம் இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை. ஒரு ஒலிப்பதிவு மட்டும். இயர்போனை மாட்டிக்கொண்டு நின்றாள். தவில் ஆரம்பித்தது. அவன் இவ்வளவு அழுத்தி அடித்து அவள் கேட்டதில்லை. கோபத்தில் அடிக்கிறானா, இடையில் போன் லைன் இல்லாததால் இப்படிக் கேட்கிறதா என்று தெரியவில்லை. காலம் மட்டும் இம்மி அசையவில்லை. முதல் தீர்மானத்தில் அவள் தொங்கிக்கொண்டிருக்க, தவில் இறங்கி அடுத்த தாளச் சுற்றுக்குப் போய்விட்டது. முகத்தில் அடித்தது போல இருந்தது. முதலிலிருந்து வைத்தாள். மறுபடியும் விட்டாள். இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா சாக்கின்மேல் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், வா என்று கூப்பிடவில்லை. பிறகு ஒரு முறை, நினைக்காமலே, அவளும் தவிலும் ஒரே இடத்தில் விழுந்தார்கள். அடுத்ததிலும் விழுந்தார்கள். மூச்சு வாங்க, கடைசிவரை விடாமல் வாசித்து இறங்கினாள்.

இறங்கிய பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்திருக்கிறான். விரல்களில் மாட்டிய கெட்டிக் கூடுகளை அவன் ஒவ்வொன்றாகக் கழற்றித் தகர டப்பாவில் போடுவது கேட்டது. ஒன்று தவறித் தரையில் விழுந்து உருண்டு ஓடியது. நாற்காலி நகர்ந்தது.

"எங்குட்டுப் போச்சு" என்று முத்தரசு தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே தேடினான். நாயனத்தை மார்போடு பிடித்தபடி, களத்தின் நடுவில் அவள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.