வராந்தா காலி

1

இந்தக் கதை என் தங்கச்சி புருஷன் வாயிலிருந்து வந்தது. அதனாலேயே எனக்கு இதன்மேல் நம்பிக்கை கிடையாது. மாப்பிள்ளை பழைய மலைப்பாதை ஓரம் விடுதி நடத்துகிறார். அங்கே நடக்க வந்த ஒரு பொம்பளை மழையில் காணாமல் போன கதையைச் சொல்லிவிட்டு, "கடைசியில தானாவே சிரிச்சிக்கிட்டு வந்துட்டாங்க மச்சான்" என்றார். அதைக் கேட்டதும் பக்கத்தில் இருந்த தங்கச்சி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் எழுந்து போனதால்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"பனி படர்ந்த மலைமுகட்டில், நூற்றாண்டுகளின் காலடிச் சுவடுகள்—"

வேண்டாம். விடுதி விளம்பரத் தாளில் இப்படித்தான் போட்டிருக்கிறார்கள். [அந்தக் காலத்தில் அந்தப் பாதையில் உப்பு மூட்டை சுமந்தவனுக்குக் கூலி கொடுத்து நடக்க வைத்தார்கள். இப்போது நடக்கிறவனே காசு கட்டுகிறான், மூட்டை வேனில் போகிறது. யாருக்குப் புத்தி அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன்.]

மூட்டை வேனில் போவதில்தான் கதையே இருக்கிறது. வாரக் கணக்கில் நடக்கிறவர்கள் காலையில் ஒரு விடுதியில் பையை விட்டுவிட்டுக் கிளம்புவார்கள். வேன் அதை அடுத்த விடுதி வராந்தாவில் இறக்கிவிடும். சாயங்காலம் நடந்து வந்து சேருகிறவர் தன் பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போவார். ஆகவே வராந்தா காலி என்றால் எல்லாரும் வந்தாயிற்று. தங்கச்சி ஒருநாளும் ஆளை எண்ணியதில்லை. வராந்தாவை எட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

3

அன்றைக்கு மழை. வராந்தா ஒழுகியது. மாப்பிள்ளை பைகளையெல்லாம் தூக்கி அந்தந்த அறைக் கட்டிலில் வைத்துவிட்டார். தங்கச்சியிடம் சொல்லவில்லை. (இந்த இடத்தில் அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஊரான் துணி நனையக் கூடாது என்று தூக்கி வைத்த மனுஷனை என்ன செய்ய?)

அடுப்படியிலிருந்து வந்த தங்கச்சி காலி வராந்தாவைப் பார்த்தாள். காலையில் அவர்கள் கிளம்பிய முந்தின விடுதிக்காரி போனில் கேட்டாள்:

"எல்லாரும் வந்தாச்சாடி?"

"வந்தாச்சு, வந்தாச்சு. நீ போய்க் காலை நீட்டு."

அந்த விடுதிக்காரி அதை மலைமேல் கணவாயில் இருக்கும் காவலர்களுக்குச் சொன்னாள். கடைசி ஆள் இறங்கும்வரை மேலே காத்திருக்க வேண்டியவர்கள், காவல் அறையைப் பூட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டார்கள்.

4

சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது. தங்கச்சி மாடிக்கு ஓடினாள். கட்டிலில் ஒரு பச்சைப் பை. வேன்காரன் கட்டிவிட்ட விடுதி அட்டைகூட அவிழவில்லை. தரையில் ஈரம் இல்லை, கால்தடம் இல்லை.

"ஏங்க, இந்தப் பையை யாரு மேல கொண்டுவந்தது?"

"நான்தான். ஏன்?"

"ஐயோ, நான் வந்தாச்சுன்னு சொல்லிட்டேனே..."

மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார். மூடுபனிக்குள் இருட்டு ஏறிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறு. வழியில எங்கயாவது ஒதுங்கியிருப்பாங்க."

"எங்க ஒதுங்கறது? அங்க ஒரு மாட்டுக் கொட்டகைகூடக் கிடையாது."

"இப்ப போய் வரலன்னு சொன்னா, நாளைக்கு எந்த டூர் கம்பெனி நமக்கு ஆள் அனுப்பும்? விடுதியை மூடிடலாமா?"

"நீங்க மூடிக்கிட்டு இருங்க. நான் பேசிட்டு வரேன்."

(இந்தக் கடைசி வரி நான் போட்டது. உண்மையில் என்ன சொன்னாளோ. ஆனால் அவளை எனக்குத் தெரியும்.)

காவலர் போனில் கேட்டார்: "கண்ணால பாத்தீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கம்மா."

"பாக்கல. நான் தப்பா சொல்லிட்டேன். ஆள் இன்னும் மேலதான் இருக்காங்க."

அந்தப் பக்கம் சாவிக்கொத்து எடுக்கிற சத்தம் கேட்டது.

"சரி. திரும்ப ஏறறோம்."

5

முடிவுக்கு வந்துதான் மாட்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளை முடிவு: சிரித்துக்கொண்டே வந்தார். அந்த மழையில், அந்தச் சரிவில் இறங்கி வருகிறவருக்குப் பல் கிட்டித்துப் போயிருக்கும். சிரிப்பு எங்கிருந்து வரும்?

என் முடிவு: "விடிந்ததும் காவலர்கள் ஓடைப் பாலத்துக்குக் கீழே ஒரு—" அடித்துவிட்டேன். பேனா என் கையில் இருக்கிறது என்பதற்காக ஒரு பொம்பளையைக் கொல்ல நான் யார்?

கடைசியில் தங்கச்சிக்கே போன் போட்டேன். முடிவைச் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னாள். காவலர்கள் மேலே போய்ச் சேரும்வரை சும்மா இருக்க முடியாமல், டார்ச்சை எடுத்துக்கொண்டு பாதை ஏறுகிற இடத்துக்குப் போனாளாம். கூப்பிட வாயைத் திறந்த பிறகுதான் உறைத்ததாம். பதிவெல்லாம் கம்பெனி பேரில் வருவது; அந்தம்மா பேர் அவளுக்குத் தெரியாது. முகமும் தெரியாது.

"அப்புறம் என்னடி பண்ணின?"

"அக்கான்னு கத்தினேண்ணே. தொண்டை கிழிய."

"பதில் வந்துச்சா?"

போனை வைத்துவிட்டாள்.

அதற்கு மேல் எனக்கும் தெரியாது; தெரிந்த மாதிரி எழுத மாட்டேன். என் தாளில் மழை இன்னும் விடவில்லை. என் தங்கச்சி கத்திக்கொண்டே இருக்கிறாள். மேலே இருக்கிறது நீங்கள்தான் என்றால், தயவுசெய்து ஒரு குரல் கொடுங்கள்.