மீட்டர் மட்டும் சுற்றியது

"திறந்தாச்சா இல்லயா? இஞ்ச காத்துத்தான் வருது!"

வெள்ளைத் துணித் திரைக்குப் பின்னாலிருந்து பளீல் ஹாஜியார் மூன்றாவது தடவையாகக் கத்தினார். ஊரில் எந்த ஆண் மவுத்தானாலும் உடலைக் குளிப்பாட்டுவது அவர்தான். திரைக்குள் பலகையில் கச்சிமுகம்மது கிடந்தார். எழுபத்தொரு வயது. நேற்று வரைக்கும் மண்வெட்டியோடு நடமாடிய மனுஷன்.

"திறந்துதான் இரிக்கி ஹாஜியார்!" றோட்டோரத்திலிருந்து இளைய மகளின் மாப்பிள்ளை பஸால் பதில் கொடுத்தான். "வால்வ நான்தான் திறந்த. முழுசாத் திறந்த."

முனவ்வறா அவனைத் தாண்டிப் போய் மீட்டர்ப் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். மவுத்தானவரின் மூத்த மகள். விடிந்ததிலிருந்து அவள் அழவில்லை என்று சனம் கதைக்கத் தொடங்கியிருந்தது.

கண்ணாடிக்குள் சின்னச் சக்கரம் பறந்துகொண்டிருந்தது.

"மச்சான், மீட்டர் சுத்துது."

"சுத்தட்டுமே."

"பைப்பில தண்ணி வராட்டி இது என்னத்துக்குச் சுத்துது? எங்கயோ போகுது."

பஸால் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பத்தரை. நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளியில் சொல்லியாகிவிட்டது. "நேத்துத்தான் குழாய்க் கான் மூடின. எங்கயாவது ஒட்டு விட்டிரிக்கும். நான் கனகரெத்தினத்துக்குப் போன் கோல் எடுத்திட்டன். வாறாரு."

வளவு நாடா மாதிரி நீளம். ஒரு முனை றோட்டு, மறு முனை வயல். நடுவில் வீடு. இந்தக் கோடையில் கிணறு வற்றிச் சேறாகிப் போகவே, வாப்பாவும் வீரமுனைக் குழாய் வேலை பாஸ் கனகரெத்தினமும் ஒன்பது நாள் கான் வெட்டினார்கள். றோட்டிலிருந்து வீட்டுக்கு முந்நூறு அடி, இரண்டடி ஆழம். குழாயை இறக்கி, ஒட்டி, நேற்றுப் பின்னேரம் அஸரோடு மண் போட்டு மூடினார்கள். "ஒரு ராத்திரி காயட்டும். நாளைக்குத் தண்ணி" என்று வாப்பா கையைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

முனவ்வறா செருப்பைக் கழற்றினாள். மூடிய கானின் மேலே வெறுங்காலோடு நடந்தாள். முந்நூறு அடியும் காய்ந்த மணல். ஈரம் என்று ஒரு பொட்டு இல்லை.

அப்படியென்றால் தண்ணி எங்கே?

"என்னகா மனெ, கோழி மாதிரிச் சுத்தித் திரியிறாய்?" வாசலில் ஆசியா உம்மா மறித்தாள். வாப்பாவின் தங்கச்சி, கல்முனைக்குடியில் இருப்பவள். "வந்து ரெண்டு யாசீன் ஓது. பொறகு உன்ட உடுப்பெல்லாம் ஒரு பேக்கில எடுத்து வை."

"என்னத்துக்கு மாமி?"

"என்னத்துக்கா? இந்த ஊடு றுஸ்தாட சீதன ஊடு. வாப்பா இருக்கக்குள்ள நீ அவரோட இருந்த, செரி. இனி தங்கச்சிட ஊட்ட, அவள்ற மாப்பிள்ளைக்கு முன்னால, ஒரு கொமரு எப்பிடி இரிக்கிற? என்னோட வா. பேரப்புள்ளையளப் பாக்க எனக்கும் ஆள் இல்ல."

நாற்பத்தொரு வயதிலும் கலியாணமாகாத கொமரு. தையல் மெசினை எந்தப் பேக்கில் வைப்பது என்று முனவ்வறா கேட்கவில்லை. றுஸ்தா உள்ளே யாசீனை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தே இருந்தாள். முனவ்வறா பார்த்ததும் அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

"புள்ள!" திரைக்குள்ளிருந்து ஹாஜியார். "தண்ணி வாறதுக்குள்ள கொஞ்சம் மண்ணெண்ண தாங்க. வலக்கைப் பெருவிரலும் பக்கத்து விரலும் ஒட்டிப் போய் இரிக்கி. குழாய் ஒட்டுற கம். இத எடுக்காட்டித் தோலுல தண்ணி படாது, குளிப்புச் செல்லாது."

முனவ்வறா போத்தலைத் திரைக்கு மேலாகக் கொடுத்தாள். கொடுத்த கை அப்படியே நின்றது.

கம்மா?

நேற்று அஸருக்குப் பாங்கு சொன்னபோது வாப்பா வாசற்படியில் குந்தியிருந்து, பழைய பிளேட்டால் விரலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "ஒரு துளி இருந்தாலும் ஒளு செல்லாது புள்ள" என்று, தொழுகைக்குக் கை கால் கழுவுமுன் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். மஃரிபு, இஷா இரண்டுக்கும் பள்ளிக்குப் போனார். இன்று விடியச் சுபஹுக்கும் போனார். விரலில் கம்மோடு தொழுகிற மனுஷன் இல்லை அவர்.

அப்படியானால் இந்தக் கம் சுபஹுக்குப் பிறகு ஒட்டியது. மவுத்துக்கு முன்னால் ஒட்டியது. நடுவில் ஒரு மணித்தியாலம் கூட இல்லை.

எதை ஒட்டினார்?

"மச்சான்." அவள் பஸாலிடம் திரும்பி வந்தாள். "வாப்பா எந்த இடத்துல விழுந்து கிடந்த?"

பஸால் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "வாழைக்கு அங்கால. ஒதுங்கப் போயிரிப்பாரு. அதப் போய் இப்ப கேக்கிறயளே, மச்சி."

காலையிலிருந்து எல்லோரும் குரலைத் தாழ்த்தியது இதற்காகத்தான்.

"ஊட்டுல ரெண்டு கக்கூசு இரிக்கெக்க அம்புட்டுத் தூரம் ஏன் போகணும்?"

"வயசான ஆக்கள். நமக்கென்ன தெரியும்?"

அவள் காத்திருக்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். குசினிச் சுவரோடு காய்ந்த தென்னோலைகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றைப் புரட்டினாள். அடியில் புது மண். காலை வைத்தாள். மண் அமுங்கியது.

ஓலைகள் எல்லாம் ஒரே திசையில், வயலைப் பார்த்துக் கிடந்தன.

காலடியில் மெத்தென்று வந்த இடமெல்லாம் குழாய் லைன். கெட்டியாக இருந்த இடமெல்லாம் வெறும் தரை. கண்ணை மூடிக்கொண்டே நடக்கலாம் போலிருந்தது. வாழைக்கூட்டத்தைத் தாண்டும்போது சத்தம் கேட்டது. சலசலவென்று, ஒருவரும் இல்லாத இடத்தில்.

வளவின் கடைசித் துண்டு வீட்டை விடப் பதிவான பள்ளம்; திறந்த தண்ணி எல்லாம் அங்கேதான் இறங்கும். அங்கே ஒரு குழாய் மண்ணுக்கு மேலே முழங்கால் உயரம் நிமிர்ந்து நின்றது. வாய் திறந்தபடி. மூன்று மாதக் குழந்தை மூத்திரம் பெய்கிற மாதிரி வளைந்து வளைந்து தண்ணி கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காய்ந்து போன கம் டின். திருகித் திறக்கிற ஒரு புதுப் பித்தளைப் பைப், வெள்ளை டேப் சுற்றி ஒரு பிளாஸ்டிக் முனையில் முறுக்கி, ஒட்டத் தயாராக. குந்தியிருந்த இரண்டு கால்களின் தடத்தில் தண்ணி நிரம்பிவிட்டிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டயளா, தங்கச்சி?"

கனகரெத்தினம் சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓட்டமும் நடையுமாக வந்தார். குழாயைப் பார்த்தார். பித்தளைப் பைப்பைப் பார்த்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"கடைசி ஒட்டு நான் வந்து போடுறன், காக்கா, கொஞ்சம் பொறுங்க எண்டு சொன்னனான். கேட்டாத்தானே உங்கட வாப்பா."

"உங்களுக்குத் தெரியுமா அண்ணன்?"

"தெரியும். சொல்லப்படாதெண்டு சத்தியம் வாங்கினவர். ஒன்றரை மாசமா, சுபஹு தொழுதிட்டு வந்து நாளைக்கு நாலடி, அஞ்சடி எண்டு தனிய வெட்டினவர். நடக்கப் போறன் எண்டு உங்களிட்டச் சொல்லுவாராம்."

ஓம். வாப்பாவின் சாரத்தின் ஓரத்தில் தினமும் மண். தோய்க்கும்போது அவள்தான் உதறினாள்.

"ஆருக்கு இது?"

கனகரெத்தினம் அவளை நேராகப் பார்க்கவில்லை. "ஆருக்கா? கலியாணம் பேசாத கொமருக்கு வீடு கட்டினா, இவளுக்கு இனி மாப்பிள்ள இல்லயெண்டு வாப்பனே ஊருக்கு அறிவிக்கிற மாதிரியாம். அந்தக் கதை உங்கட காதில விழப்படாதாம். அதால முதல்ல தண்ணியக் கொண்டு போவம் கனகு, தண்ணி வந்த இடத்துல வீடு எழும்பினா ஆரு கேக்கப் போறாங்க எண்டாரு." குழாயைச் சுட்டினார். "இது நிக்கிற இடம்தான் குசினியாம்."

முனவ்வறா சுற்றிலும் பார்த்தாள். இரண்டு தென்னை, ஒரு நாவல், வரப்பு. குசினி என்று ஒன்றும் இல்லை.

பின்னாலிருந்து பஸால் வந்தான். மூச்சு வாங்கியது. தண்ணியைக் கண்டதும் தலையில் கை வைத்தான்.

"இதுக்கு ஆரு லைன் இழுத்த? இதுல நான் நெல்லு ஸ்டோர் போட இரிக்கன். பாஸ், ஒரு மூடியப் போட்டு அடைங்க கெதியா. அங்க மையித்து குளிப்பாட்டாமக் கிடக்கு."

"மூடி பேக்கில இரிக்கி தம்பி. ஆனா ஒட்டினாக் காயோணும். காயாமத் தண்ணி விட்டாத் தெறிச்சிடும்."

"காயட்டும்! அடைங்க முதல்ல! மத்ததெல்லாம் பொறகு பாப்பம்."

கனகரெத்தினத்தின் கை பேக்குக்குள் போனது. போன கை வெளியே வராமல் நின்றது. அவர் முனவ்வறாவைப் பார்த்தார். பஸாலும் பார்த்தான். பொறகு பாப்பம் என்றால் என்ன என்று மூன்று பேருக்கும் தெரியும். மண்ணுக்குள் மூடி போட்ட குழாயை ஊரில் எவரும் திரும்பத் தோண்டிப் பார்த்ததில்லை.

"அடைக்க வேணாம்."

"மச்சி?"

"அடைக்க வேணாம் மச்சான். தண்ணி இஞ்சதானே வருது. இஞ்ச இருந்து அள்ளுங்க."

"வாளியிலயா? இம்புட்டுத் தூரமா?"

"ஓம். வாப்பா இம்புட்டுத் தூரம் வெட்டித்தானே இரிக்காரு."

பஸால் வாழைக்கூட்டத்தின் பக்கம் பார்த்தான். காலையில் மாமாவைத் தூக்கியது அந்த வழியால்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வாளிக்குப் போனான்.

ஆறு ஆண்கள் வரிசையாக வந்தார்கள். முனவ்வறா குழாயின் வாயில் கை வைத்து, தண்ணியை வாளிக்கு வாளி வளைத்துவிட்டாள். திரைக்குள் ஹாஜியார் பிஸ்மி சொல்லும் சத்தம் அவ்வளவு தூரத்துக்குக் கேட்கவில்லை. ஆனால் வெறும் வாளிகள் திரும்பி வரும் வேகத்தில் தலை முடிந்ததா, வலப்பக்கம் முடிந்ததா என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசி வாளியில் கற்பூரம் கரைக்க வேண்டும் என்றார்கள். அதை பஸால் தூக்கிப் போனான்.

"மனெ, பேக்..." என்று ஆசியா உம்மா வாழைக்கு இப்பால் வரை வந்தாள். குழாயைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது முனவ்வறா வாழையோடு நின்று பார்த்தாள். கலிமா சொல்லும் சத்தம் றோட்டில் இறங்கி, பள்ளிப் பக்கமாகத் தேய்ந்தது. யாரோ வால்வைப் பூட்டியிருந்தார்கள். குழாய் கடைசியாக இரண்டு சொட்டு விட்டு அடங்கியது.

"காக்கா முடிக்காம விட்ட ஒட்டு. முடிச்சிட்டு அடக்கத்துக்கு மையவாடிக்கு ஓடுறன்." கனகரெத்தினம் குழாயின் வாயைத் துவாயால் துடைத்து, கம்மைத் தடவி, பித்தளைப் பைப்பைக் கையில் எடுத்தார். "கம் பிடிச்சிட்டாப் பொறகு திருப்பேலா. எந்தப் பக்கம் பாத்து இரிக்கட்டும் தங்கச்சி?"

முனவ்வறா யோசித்தாள். சேற்றுக்குள் இறங்கினாள். ஒரு தடவை வீட்டுக்கு முகம் கொடுத்து நின்று பார்த்தாள். சரிவரவில்லை. சுற்றி வந்து, வயல் காற்று முகத்தில் படும்படி நின்று, பாத்திரம் கழுவுகிற மாதிரி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள்.

"இப்பிடி நிண்டா," என்றாள், "இந்தப் பக்கம்."

அவர் பைப்பை அவளுடைய கைகளுக்கு நேரே திருப்பி, பிடித்துக்கொண்டிருந்தார்.