படகு கரை தொட்ட பக்கம்

அழகுராஜாவின் அண்ணன் சின்னச்சாமியை உசிலம்பட்டி மாட்டுச்சந்தையில் பட்டப்பகலில் வெட்டினார்கள். ஒரு ஜோடிக் காளைக்கு நடந்த பேச்சு முற்றி, கருத்தக்கண்ணன் என்ற தரகன் வண்டியிலிருந்து அரிவாளை உருவினான். முதல் வெட்டில் மணிக்கட்டு போனது, அடுத்தது கழுத்தில் இறங்கியது. துண்டான கை கயிற்றை விடவில்லையாம். மிரண்ட மாடு அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடியதாம். கருத்தக்கண்ணன் ஜாமீனில் வந்து, அதே சந்தையில் மறுபடி துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தான்.

நான் கனகா. செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும், சொல்லட்டும். எனக்குச் சீனா என்றால் பைத்தியம். போனதில்லை, போகவும் வழியில்லை. ஆனால் அந்த ஊரைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் வாங்கிவிடுவேன், வருகிறவர்கள் தலையிலும் கட்டிவிடுவேன். தறிக்காரர்களுக்குப் பட்டின் வரலாறு. டீக்கடைக்காரருக்குத் தேயிலை போன பாதை. மருமகளைப் படுத்தும் மாமியார்களுக்கு, கால் எலும்பை ஒடித்துக் கட்டிச் சிறுக்கவைத்த பெண்களின் கதை. கடையில் ஒரே சட்டம்தான். பாதிக் கதையை நானே கை கால் ஆட்டிச் சொல்வேன், நெஞ்சு படபடக்கும் இடத்தில் நிறுத்திவிடுவேன். முடிவைச் சொல்லிவிட்டால் எந்தக் கழுதை காசு கொடுத்துப் படிக்கும்?

அழகுராஜா கப்பலூரில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன், கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பவன். அண்ணனின் முதல் திவசம் நெருங்கியபோது அழகுராஜாவின் மனைவி முனீஸ்வரி கடைக்கு வந்தாள்.

"அக்கா, அருவாளைத் தீட்டிப் பரண்ல வச்சிருக்காரு. தெவசத்தன்னைக்குச் சந்தைக்குப் போறேன்னு நிக்கிறாரு. நான் சொன்னாக் கேக்க மாட்டாரு. இம்புட்டு வாசிக்கிற மனுசன், மனசு மாறுற மாதிரி ஒரு புஸ்தகம் குடுங்கக்கா."

நான் யோசிக்கவே இல்லை. மஞ்சள் நதிக்கரை நாவல் ஒன்று என்னிடம் இரண்டு பிரதி இருந்தது. அதன் முடிவு தெரிந்துதான் எடுத்து வைத்தேன். மறுநாள் அழகுராஜா வந்தான். தாடி வளர்ந்து, கண் சிவந்து, உட்காராமல் நின்றான். நான் கதையை ஆரம்பித்தேன்.

ஆற்றுக்கு இந்தக் கரையில் ஓர் ஊர், அந்தக் கரையில் ஓர் ஊர். கரைக்கு மண் அள்ளும் தகராறில் அண்ணனை மண்வெட்டியால் கொத்திக் கொல்கிறார்கள். தம்பி வாசலில் வெள்ளை விளக்கு ஏற்றி, 'இது அணையும் நாளில் உன் வாசலுக்கு வருவேன்' என்று சுவரில் எழுதி வைக்கிறான். சீனத்தில் துக்கத்துக்கு வெள்ளைதான் நிறம். வருஷம் முடிந்த காலையில் விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் படகு ஏறுகிறான். படகு கரையைத் தொடுகிறது. எதிரி முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நிற்கிறான். இவன் வாளை ஓங்குகிறான்.

அங்கே நிறுத்தினேன். அழகுராஜாவின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. "அப்பறம்?" என்றான். வாசித்துப் பார் என்று புத்தகத்தை நீட்டினேன். எனக்கு உள்ளூர ஒரே பெருமை.

அந்த வாரமே செல்லூரிலிருந்து உசிலம்பட்டி வரை சுவரெல்லாம் நினைவஞ்சலி போஸ்டர். எங்கள் ஊரில் செத்தவனுக்கு அழுவதைவிட போஸ்டர் ஒட்டுவதுதான் முக்கியம். அதில் ஒரு வரி முறைக்காவிட்டால் ஒட்டியவன் ஆம்பிளையே இல்லை. சின்னச்சாமி மீசையோடு நின்றார். காலடியில் பெரிய எழுத்தில், 'வெள்ளை விளக்கு அணையும். வாசலுக்கு வருவோம்.' அழகுராஜாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன், முழுசாகப் படித்தாயா என்று கேட்டேன். தெவசம் முடியட்டும்க்கா, மிச்சத்தை வாசிக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

இரண்டு நாள் போகவில்லை, கருத்தக்கண்ணனே கடைக்கு வந்தான். விளக்கு என்றால் என்ன அர்த்தம் என்று ஊரெல்லாம் விசாரித்து, யாரோ என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள். பனியனுக்குள்ளிருந்து அரிவாளை எடுத்து, பட்டின் வரலாற்றின் மேல் வைத்தான்.

"அவன் வாங்கிட்டுப் போன புஸ்தகத்துல என்னா இருக்கு? சொல்லு."

பக்கத்துத் தறி போட்ட சத்தத்தில் நான் அலறினாலும் ஒருவருக்கும் கேட்டிருக்காது. பழக்கதோஷம் மட்டும் வேலை செய்தது. ஆறு, அண்ணன், விளக்கு, படகு, ஓங்கிய வாள். அங்கே வந்ததும் வாய் தானாக நின்றது. மிச்சத்தையும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் மேஜையில் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினான். பலகை பிளந்தது.

"போதும். படகை விட்டு எறங்குறப்பவே போட்ருக்கணும். கூறுகெட்ட பய, முதுகைக் காட்டிட்டு நின்னிருக்கான்."

இரண்டாவது பிரதியைத் தூக்கிக்கொண்டு போனான். நான் போலீசுக்குப் போன் செய்தேன். இரண்டு பேரையும் கூப்பிட்டு எழுதி வாங்குகிறோம் என்றார்கள். வாங்கினார்களோ என்னவோ. முனீஸ்வரியிடமும் சொன்னேன். அவள் புருஷன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாளாம், அவன் உதறிவிட்டுப் போனானாம்.

திவசத்தன்று உசிலம்பட்டியில் டவுன் பஸ்ஸின் பின்படியில் அழகுராஜா கால் வைத்து இறங்கும்போதே முதல் வெட்டு விழுந்தது. தலையைக் காக்க வைத்த கையோடு சேர்த்துத் தாடை பிளந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறப் பார்த்தவனை கருத்தக்கண்ணனும் அவன் ஆட்களும் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டு வெட்டிக் கொன்றார்கள். அவன் அரிவாள் பையில், தினத்தாளில் சுற்றிய சுற்று பிரியாமல் கிடந்தது. அண்ணனுக்கு வாங்கிய மாலையும் அதே பையில்தான் இருந்தது, ரத்தத்தில் ஊறி.

புத்தகத்தில் என் கடை முத்திரை இருந்ததால் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பிரதியும் மேஜையில் கிடந்தன. ஒன்று அழகுராஜாவின் பையிலிருந்து எடுத்தது, இன்னொன்று கருத்தக்கண்ணன் வீட்டில் அவன் தலைமாட்டில் எடுத்தது. என்னுடையவைதானா என்று புரட்டிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே பக்கத்தில், படகு கரை தொட்ட இடத்தில், ஓரம் மடித்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு தாளிலும் விரல் பட்ட அழுக்கு இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் முனீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"அந்தக் கதையில அப்பறம் என்னாச்சுக்கா?" என்றாள்.

முதல் தடவையாக என் கடைச் சட்டத்தை மீறினேன். எதிரி குனிந்து நின்றது கரை உடைப்பை அடைக்க. ஒற்றை ஆளாக மண் கூடையைத் தூக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தான். தண்ணீர் இரண்டு ஊருக்கும் ஏறிக்கொண்டிருந்தது. தம்பி வாளை ஆற்றில் போட்டுவிட்டு, கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தான்.

"எம்புட்டுப் பக்கம் தள்ளி இருக்கு அது?"

"அடுத்த பக்கம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள்.