மிச்சத் தண்ணீர்

மும்பி டீச்சர் பூட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் பாதம் நனைந்தது. மழைக்கு முந்தைய அக்டோபர் வெயில் கசாமா ஊரையே வறுத்துக்கொண்டிருந்த காலம். காலையில் கொட்டிய தண்ணீர் கண் மூடித் திறப்பதற்குள் சுவடில்லாமல் போய்விடும். அப்படியிருக்க, நேற்று மாலையே பூட்டிப்போன வகுப்பறையின் சிமெண்டுத் தரையில் ஈரத்தால் ஒரு கணக்கு எழுதியிருந்தது. படிப்படியாகப் போட்டு, விடைக்கு அடியில் இரட்டைக் கோடும் இழுத்திருந்தது. சாவி ஒன்றே ஒன்றுதான். அது அவள் கழுத்துக் கயிற்றில் கிடந்தது. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். ஒழுகுவதற்கு மழையா பெய்தது?

கபாசோ வெளியேதான் நின்றான். கதவு திறந்துதான் கிடந்தது, ஆனாலும் யாராவது 'போ' என்று சொல்ல வேண்டும். சிறையை விட்டு வந்து ஒரு மழைக்காலம் போயும் அந்தப் பழக்கம் போகவில்லை. உள்ளேயிருந்து வருகிறவர்களைப் பரீட்சைக்கு உட்கார வைக்கத்தான் மாவு மில்லின் பழைய கிடங்கைப் பிடித்து இந்த வகுப்பை நடத்திக்கொண்டிருந்தாள் மும்பி. வந்தவர்களில் பாதிப் பேர் நடுவில் ஓடிப்போவார்கள். இவன் ஒருத்தன்தான் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை வரை வந்தவன். அதில் தேறிவிட்டால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால், ஜெயிலுக்குப் போய்வந்தவனுக்கு இந்த ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்?

"உள்ள வாடா. இது நீ போட்டதா?"

"நான் இல்ல டீச்சர். நேத்து உங்க கூடத்தானே கிளம்பினேன்?" எட்டிப் பார்த்தவனின் முகம் செத்துப்போனது. "இது சிசாலா அண்ணன் எழுத்து."

சிசாலா யாரென்று அவளுக்குத் தெரியும். ஒரு காலத்தில் வாத்தியார். குடிச்சண்டையில் ஆளைக் கொன்றுவிட்டு உள்ளே போனவர், அங்கேயே நெஞ்சு நோவில் செத்தார். கையெழுத்துப் போடத் தெரியாத கபாசோவுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவர் அவர். சிறை அறையில் காகிதமோ பென்சிலோ அகப்பட்டால் அடி விழும். அதனால் குடிக்கிற தண்ணீரில் விரலை நனைத்துத் தரையில் எழுதுவார். காய்வதற்குள் புரிந்துகொள்ள வேண்டும். "நான் மந்தம் டீச்சர். எனக்குப் புரியற வரைக்கும் விரலைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டே காத்திருப்பாரு, சொட்டு விழாம" என்று ஒருமுறை சொல்லியிருந்தான்.

மனிதர் இடக்கைக்காரர். கபாசோ வலக்கைக்காரன். ஆனால் சில நாட்களாக, கணக்கு என்று உட்கார்ந்தாலே பேனா அவனுடைய இடக்கைக்குப் போய்விடும். தாளின் தலையில் 'சிசாலா' என்று எழுதுவான். கணக்கெல்லாம் பிசகாமல் வரும். நாளை மறுநாள் பரீட்சைத்தாளிலும் அப்படி எழுதித் தொலைத்தால், ஆள் மாறாட்டம் என்று ஆயுசுக்கும் விலக்கிவிடுவார்களே!

"என்னடா பண்ணின நீ? மறைக்காம சொல்லு."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சாகற நேரத்துல தண்ணி கேட்டாரு. குடுத்தேன். பாதி குடிச்சாரு, தலை சாஞ்சிருச்சு. எனக்கு ஒரே தாகம் டீச்சர். குவளை கையில இருந்துச்சு. மிச்சத்தை நான் குடிச்சிட்டேன்."

"அடப்பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்த ஊர் வழக்கத்தில், செத்தவரின் பெயரையும் ஆவியையும் ஏற்கத்தான் தண்ணீர் குடிப்பது. குலத்தார் கூடி உட்கார்ந்து, ஆளைத் தேர்ந்து, கையில் குவளையைக் கொடுப்பார்கள். இவனோ உடம்பு ஆறுவதற்குள், கேட்பாரில்லாமல், தாகத்துக்குக் குடித்திருக்கிறான்.

சிசாலாவின் அக்கா எலிதா சந்தையில் கீரை விற்கிறவள். மும்பி போய்ச் சொன்னதும் மறுநாள் காலையிலேயே கீரைக்கூடையோடு வந்து நின்றாள். கபாசோ சிறைப் பழக்கதோஷத்தில் தரையில் குந்திக்கொண்டான்.

"எந்திரிடா, நான் என்ன வார்டரா? இவன்தானா குடிச்சவன்? ஓமக்குச்சி மாதிரி இருக்கான். இதுக்குள்ள என் தம்பி எங்கதான் ஒண்டிக்கிட்டு கிடக்கானோ!"

பேச்சில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. ஒரு குவளைத் தண்ணீர் வாங்கி அவன் கையில் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை அவளிடம் தர வேண்டும், ஆவி அதோடு குலத்துக்கே திரும்பிவிடும். குடித்தான். ஆனால் குவளையை விடவில்லை.

"அக்கா, அவரு போயிட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாது. நாளைக்குப் பரீட்சை. பெயிலாயிடுவேன்."

"ஆயிட்டுப் போ. உன் பேர்ல பெயிலாகு. என் தம்பி பேர்ல பாஸாகி நீ என்னடா பண்ணப் போற?"

விரல்களைப் பிரித்துக் குவளையைப் பிடுங்கினாள். ஒரே மடக்கில் குடித்தாள். "கீரை வாடிப்போகும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். கபாசோ குழந்தையைப் போல அழுதான். அன்று மாலை வலக்கையால் தன் பெயரை எழுதினான். அதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. உபகாரம் செய்யப்போய் இவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று மும்பி இரவெல்லாம் புரண்டாள்.

பரீட்சை மண்டபத்தின் ஜன்னலோரம் நின்று பார்த்தாள். வலக்கையில் பேனா. தாளின் தலையில் 'கபாசோ' என்று எழுதினான். பிறகு பேனா நின்றது. நின்றது நின்றதுதான். அவன் நெற்றியில் வியர்வை வழிவது இங்கிருந்தே தெரிந்தது. காவலுக்கு நின்றவர் வந்து அவளை விரட்டிவிட்டார்.

ஆத்திரம் தாங்காமல் நேரே சந்தைக்கு நடந்தாள். எலிதாவை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க வேண்டும். கீரைக்குத் தெளிக்கிற தண்ணீர்ச் சட்டியோடு எலிதா சிமெண்டு மேடையில் குந்தியிருந்தாள். வலக்கையால் ஒருத்திக்குக் கீரைக்கட்டை எடுத்துக் கொடுத்தாள். இடக்கையின் ஆள்காட்டி விரல் சட்டியில் நனைந்து, மேடையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தது.

கேட்க வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "அக்கா... உங்களுக்கு எழுதத் தெரியுமா?"

"எழுத்தா? நான் பள்ளிக்கூட வாசலை மிதிச்சவளா என்ன? இப்பதான் கொஞ்சம் முன்னால, மண்டபத்துல மணி அடிச்சுதே, அப்ப ஆரம்பிச்சுது. இந்தக் கை சும்மா இருக்க மாட்டேங்குது. பையன் எழுதறானா?"

மும்பி குனிந்து மேடையைப் பார்த்தாள். கணக்கு பாதியில் நின்றிருந்தது. எலிதாவின் விரல் மேடைக்கு மேலே தூக்கினபடி அசையாமல் இருந்தது. நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது, விழவில்லை. ஈ வந்து மணிக்கட்டில் உட்கார்ந்தது, அப்போதும் அசையவில்லை.

வெகுநேரம் கழித்து விரல் இறங்கி அடுத்த வரியைத் தொடங்கியது. உச்சி வெயில் நேராக மேடையில் விழுந்துகொண்டிருந்தது. முதல் வரி இன்னும் காயவில்லை.