உள்ளே போக ஒரு வழி

மனிசாலஸ் மலைப்பாதையில் இருபத்தாறு வருடம் ஜீப் ஓட்டிய லிபோரியோவை நண்பகலில் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். காப்பி மூட்டையைத் தூக்கும்போது நெஞ்சு கிழிந்ததுபோல் வலித்ததாம். கிழிந்துதான் இருந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயின் உட்சுவர் பிளந்து, ரத்தம் சுவருக்குள்ளேயே இன்னொரு பொய்ப்பாதையைப் போட்டிருந்தது.

"எத்தன தடவ ஜீப்புக்கு எஞ்சின் எறக்கியிருக்கேன், பயப்படாத புள்ள," என்று மகள் மார்லெனியிடம் சொல்லிவிட்டுத்தான் அறுவை அறைக்குள் வந்தார்.

அறுவையின்போது இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டும் இயந்திரம் என் பொறுப்பு. அந்த ரத்தத்தை எந்தத் தமனி வழியாக உடம்புக்குள் விடுவது என்பதுதான் முதல் கேள்வி. பொய்ப்பாதைக்குள் போய்விட்டால் மூளை ரத்தமில்லாமல் காய்ந்துவிடும்.

அறுவை செய்யும் டாக்டர் யோலிமா வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடியே இல்லை. பிளவு அந்தக் கைக்கும் இறங்கியிருந்தது.

"தோள்பட்டைத் தமனி வேண்டாம். இடது தொடைல நாடி இருக்கு, அங்க போலாம்."

"ஸ்கேன்ல பிளவு இடுப்பு வரைக்கும் ஓடுதே, டாக்டரம்மா. நெஞ்சத் தொறந்து பெருங்குழாய்லயே குத்தினா?" என்றேன்.

"இதயத்தச் சுத்தி ரத்தம் கட்டிக் கெடக்கு ஒவீடியோ. மெஷின் ஓடாம தொறந்து, வெடிச்சுதுன்னா? நீ கையால பிடிச்சு நிறுத்துவியா?"

அவர் தொடையில் குழாயை வைக்க, நான் இயந்திரத்தை ஓட்டினேன். ஒரு நிமிடம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு குழாயில் அழுத்தம் ஏறியது. மூளையின் ஆக்சிஜனைக் காட்டும் எண் அறுபதிலிருந்து ஐம்பது, முப்பத்தெட்டு என்று சரிந்தது.

"தல காயுது, டாக்டரம்மா!"

"ஓட்டத்தக் கூட்டு!"

"கூட்டினா அதுவும் பொய்ப்பாதைக்குத்தான் போகும்!"

நிறுத்தினாலோ, துவண்டுபோன அந்த இதயத்தால் தனியே தாங்க முடியாது. ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின் மேல் கையை வைத்தபடி நின்றேன். அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் தப்பாகத்தான் இருந்தது.

டாக்டர் நெஞ்செலும்பை அறுத்து, பெருங்குழாயிலேயே ஊசியைக் குத்தி, மெல்லிய கம்பியை விட்டார். மயக்க மருத்துவர் பெருங்குழாயின் எக்கோ படத்தில் கண்ணை நட்டிருந்தார்.

"கம்பி தெரியுதா?"

"தெரியல... இல்ல... இப்பத் தெரியுது. நெசப் பாதைலதான் இருக்கு."

கம்பி வழியே குழாய் இறங்கியது. ஓட்டத்தை மாற்றிவிட்டேன். எண் ஏறியது. அதற்குள் ஏழு நிமிடம் போயிருந்தது.

பெருங்குழாயை மாற்றித் தைத்தோம். இதயம் ஒழுங்காகவே துடித்தது. மூன்றாம் நாள் லிபோரியோ கண் திறந்தார். ஆனால் மகள் கூப்பிட்ட பக்கம் அந்தக் கண்கள் திரும்பவில்லை.

டாக்டர் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. "மொதல்ல தொடை வழியாப் போனோம்மா. அது சரியா வரல."

"வேற வழியாப் போயிருந்தா நல்லா இருந்திருப்பாரா?"

"தெரியலம்மா."

"உங்களுக்கே தெரியலன்னா யாருக்குத்தான் தெரியும்?" என்று மார்லெனி என்னைப் பார்த்தாள்.

பதினோராம் நாள் காலையில் அவர் போய்விட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொரு பிளவு வந்தது, நாற்பது வயதுப் பள்ளி ஆசிரியை. டாக்டர் யோலிமா ஸ்கேனை வெகுநேரம் பார்த்தார்.

"எந்த வழியாப் போலாம் ஒவீடியோ, சொல்லு," என்றார்.

அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கும் தெரியவில்லை.